கலந்துபோன கட்டு

குருமண்வெளித் துறையில் ஆறு நாற்பதுக்குப் பாதை.
எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதக்கும்.
மோட்டார் சைக்கிள்கள் முதலில் ஏறும்,
பிறகு மனிதர், கடைசியில் மீன்பெட்டி.
இந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கவில்லை,
யாரும் பிழை என்றதுமில்லை.
எழுவான்கரையில் ஏறிப் படுவான்கரையில் இறங்குவேன்,
சூரியன் நாள் முழுக்கப் போகிற வழியைப்
பத்து நிமிடத்தில்.

மடியில் முந்நூற்று அறுபது தாள்,
கல்முனையில் பஸ்மியாவின் கடையில் அடித்தது.
தரம் ஒன்பது, மூன்றாம் தவணை.
முதல் பின்னம், அதிலே எட்டுக் கணக்கு,
விகிதம் எட்டு, சதவீதம் எட்டு,
பிறகு வட்டி, பிறகு சமன்பாடு.
ஒரு தாளில் இரண்டே கணக்கு,
மிச்சம் செய்கை எழுத.
ஏணி வைத்தவள் நான் என்று
கொஞ்சம் செருக்கும் இருந்தது.

வகுப்பில் பிரித்தபோதுதான் கண்டேன்.
கரண்ட் போன நேரம்
மூலத்தாள்கள் கைதவறி விழுந்திருக்கின்றன.
இருட்டில் பொறுக்கி, தட்டி, விளிம்பு நேராக்கி
பதினெட்டுக் கட்டுக்கும் அழகாகக்
கம்பி அடித்திருக்கிறாள் பஸ்மியா.
முதல் தாளில் வட்டி,
அடுத்ததில் பின்னம்,
பின்னத்தின் பின்னால் சமன்பாடு,
திரும்பவும் வட்டி.

திருப்பி அடிக்கக் காசில்லை. செய்யுங்கோ என்றேன்.

முன்பெல்லாம்
மூன்றாவது கணக்கிலிருந்து கேள்வியை வாசிக்காதுகள்.
தலைப்பைக் கண்டால் போதும்,
கை தானாகப் பெருக்கும், தானாக வகுக்கும்.
நானும் சரி போட்டுக்கொண்டே போவேன்,
சிவப்புப் பேனையும் தூக்கத்தில் நடக்கும்.
இப்போது வகுப்பில் ஒரே முனகல்.
எப்போதும் முழுப்புள்ளி வாங்கும் லதுர்ஷன்
இருபதில் ஐந்து எடுத்துவிட்டு
கண் சிவக்க வந்து நின்றான்:
“டீச்சர், இது எந்தப் பாடத்துக் கணக்கு?”

அதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு என்று
நான் சொல்லவில்லை.
எனக்கும் அப்போது தெரியாது.

வலயத்திலிருந்து வந்த ஆலோசகர்
கட்டை முன்னும் பின்னும் புரட்டிப்
பதிவேட்டில் எழுதினார்: ஒழுங்கு போதாது.
கையொப்பம் வைத்தேன்.

பிறகு மழை.
வெள்ளாவெளி வீதியில் தண்ணீர், பாதை ஓடவில்லை,
மூன்று கிழமை பள்ளிக்கூடம் பூட்டு.
போன வருடம் இப்படித்தான்,
திறந்து பார்த்தால் பின்னம் எல்லாம் கரைந்திருந்தது.
இந்த முறை
மீட்டல் ஒன்றும் இல்லாமல் சோதனை.
முப்பதைத் தாண்டாத ஹேமப்பிரியா
கேள்விக்குக் கீழே இரண்டு கோடு கீறி
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
“வட்டி இல்ல. வட்டி மாதிரி.”
அறுபத்தொன்று.
அந்தத் தாளை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் யதுஷன்.
பனிச்சங்கேணி வாடியிலிருந்து தவணை நடுவில் வந்தவன்.
அரையும் காலும் சேர்ந்தால் என்னவென்று
அவனுக்கு யாரும் காட்டவில்லை.
அவனுக்கு அந்தக் கட்டு
நாற்பது கணக்கும் நாற்பது ஊர்,
ஒன்றிலும் தெரிந்த முகமில்லை.
கடைசி மேசையில் தாளின் மூலைகளை
மடித்துக்கொண்டிருந்தான்.
அவனுக்காகத் தனியே எழுதினேன்:
எட்டும் பின்னம், ஒரே மாதிரி,
மறுநாள் இன்னும் எட்டு.
ஆறாவதில் பெருமூச்சு விட்டான்.
ஏழாவதை எனக்குக் காட்டாமல் செய்தான்.

தை பிறந்து மறுபடியும் கல்முனை.
“இந்த முறை நம்பர் போட்டுத் தாங்க டீச்சர்,
கலையாது” என்றாள் பஸ்மியா,
ஒரு வருடப் பிழையைச் சுமந்தவள் போல.
முதல் நாலு தாளுக்கு மட்டும் இலக்கம் போட்டேன்.
மிச்சப் பதினாறையும் கண்ணாடி மேசையில் பரப்பிச்
சீட்டுக் குலைப்பதுபோல் குலைத்தேன்.
“என்ன டீச்சர், என்ன புடிச்ச உங்களுக்கு?”

நாலு போதுமா,
யதுஷனுக்கு ஆறு வேண்டுமா,
லதுர்ஷனுக்கு ஒன்றே கூடுதலா.
மெஷின் சூடாகிற சத்தம்.
நான் இன்னொரு தாளை எடுத்து
ஐந்து என்று எழுதி,
வெட்டி,
திரும்ப எழுதினேன்.